ஆல்கஹாலைப் பாதி வழியில் நிறுத்துவது எது? வினையூக்கிக்குப் பெயர் வைத்த பெர்சீலியஸின் கதை

ஹிஞ்சேவாடி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? ஐடி பார்க், மாலை நேர டிராஃபிக், அங்கே வேலை பார்க்கும் யாராவது ஒரு சொந்தக்காரர். ஆனால் புனேயின் அதே ஹிஞ்சேவாடியில்தான் பிராஜ் இண்டஸ்ட்ரீஸின் தலைமை அலுவலகம் இருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எத்தனால் எடுக்கும் ஆலைகளை வடிவமைத்துத் தரும் நிறுவனம் அது. அங்கிருந்து அதிக தூரம் இல்லை, பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகம். 1950-ல் திறக்கப்பட்ட இந்த ஆய்வகம் வினையூக்கி ஆராய்ச்சிக்குப் பெயர்போனது. 1995 முதல் 2002 வரை அதன் இயக்குநராக இருந்த பால் ரத்னசாமி இந்தத் துறையில்தான் பெயர் எடுத்தார்.

எத்தனாலை நாம் இப்போது பெரிய அளவில் எரிக்கிறோம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-ல் எட்டியது. எஞ்சினுக்குள் நடப்பது முழு ஆக்சிஜனேற்றம். எத்தனால் உள்ளே போகிறது, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியே வருகின்றன. அவ்வளவுதான், கதை முடிந்தது.

அதே எத்தனாலை வழியில் நிறுத்த முடிந்தால் கதை வேறு. முதல் படியில் நிறுத்தினால் அசிட்டால்டிஹைடு. இன்னொரு படி போக விட்டால் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. மருந்து, சாயம், பசை, பெயின்ட் என்று பல தொழில்களுக்கு இவை மூலப்பொருள்கள்.

சிக்கல் என்னன்னா, நிறுத்துவதுதான். மாடிப்படியில் உருட்டிவிட்ட பந்தை மூன்றாவது படியில் நிற்க வைப்பது மாதிரியான வேலை இது. இதற்கு வேதியியலாளர்கள் முயன்று பார்க்கும் பொருள்களில் ஒரு வகை, உலோக ஆக்சைடு கொத்துகள். மாலிப்டினம், டங்ஸ்டன், வனேடியம் போன்ற உலோக அணுக்கள் ஆக்சிஜன் அணுக்களோடு பின்னிக்கொண்டு உருவாகும் குட்டிக் கூண்டுகள்.

அப்படி ஒரு கொத்தை முதன்முதலில் தயாரித்து விவரித்தவர் ஒரு ஸ்வீடன்காரர். ஆண்டு 1826. ஒன்பது ஆண்டுகள் கழித்து, தான் மாறாமல் மற்றவற்றை மாற்றும் பொருள்களின் வேலைக்கு கேட்டலிசிஸ் என்று பெயர் வைத்தவரும் அதே ஆள்தான். ஆனால் தான் தயாரித்த மஞ்சள் பொருளையும் தான் வைத்த பெயரையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த இணைப்பை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள் செய்தார்கள். அவர் பெயர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ்.

தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பையன்

1779 ஆகஸ்ட் 20. தெற்கு ஸ்வீடனின் வேவர்சுண்டா கிராமத்தில் பெர்சீலியஸ் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். பையனுக்கு நான்கு வயதாகும்போது அப்பா காசநோயில் இறந்தார். அம்மா ஒரு பாதிரியாரை மறுமணம் செய்துகொண்டார். சில ஆண்டுகளில் அம்மாவும் போய்விட்டார். பிறகு தாய்மாமன் வீடு. அங்கே நிம்மதி இல்லை. பள்ளியில் படித்துக்கொண்டே மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் காலத்தை ஓட்டினார்.

1796-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். பணமில்லாமல் படிப்பு இடையில் தடைப்பட்டது. அந்த நாட்களில் கண்ணாடி ஊதக் கற்றுக்கொண்டார். பின்னாளில் தன் ஆய்வுக் கருவிகளைத் தானே செய்துகொள்ள அந்தக் கைத்தொழில் உதவியது.

1800-ல் வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்த செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. மாணவர் பெர்சீலியஸ் துத்தநாகத் தகடுகளையும் செப்புக் காசுகளையும் அடுக்கித் தானே ஒரு மின்கலம் கட்டினார். நோயாளிகள் மீது மின்சாரம் என்ன செய்கிறது என்பதுதான் 1802-ல் அவர் கொடுத்த மருத்துவ ஆய்வேடு. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதே மின்கலம் அவரை வேதியியல் பக்கம் இழுத்துவிட்டது. அடுத்த ஆண்டே, சுரங்க உரிமையாளரான நண்பர் வில்ஹெல்ம் ஹிஸிங்கருடன் சேர்ந்து சீரியம் என்ற புதிய தனிமத்தைக் கண்டறிந்தார். அப்போது அவருக்கு 24 வயது.

2,000 சேர்மங்களை எடைபோட்டவர்

1807-ல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாணவர்களுக்கு ஸ்வீடிஷ் மொழியில் நல்ல பாடப்புத்தகம் இல்லை. அவரே எழுத உட்கார்ந்தார். முதல் பகுதி 1808-ல் வந்தது. எழுதும்போது ஒரு கேள்வி அவரை விடாமல் துரத்தியது: பொருள்கள் எப்போதும் ஒரே விகிதத்தில்தான் சேர்கின்றன என்றால், அந்த விகிதங்களைத் துல்லியமாக அளந்தது யார்?

யாரும் முழுசா அளக்கவில்லை. இங்கிலாந்தில் டால்டன் அணுக் கொள்கையைச் சொல்லிவிட்டார். ஆனால் எண்கள் கரடுமுரடாக இருந்தன. பெர்சீலியஸ் பத்து ஆண்டுகள் தராசோடு வாழ்ந்தார். சுமார் 2,000 சேர்மங்களைப் பகுத்து எடைபோட்டார். 1818-ல் அவர் வெளியிட்ட அட்டவணையில், அன்று தெரிந்திருந்த 49 தனிமங்களில் 45-க்கு அணு எடை இருந்தது.

இன்று டேட்டா வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். கருத்துச் சொல்ல அந்தக் காலத்தில் நிறைய பேர் இருந்தார்கள். அட்டவணையை நிரப்ப ஆள் இல்லை. பெர்சீலியஸ் நிரப்பினார்.

நிரப்பும்போது எழுதவும் வசதி தேவைப்பட்டது. அதுவரை தனிமங்களுக்கு வட்டம், புள்ளி, கோடு என்று படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பெர்சீலியஸ் லத்தீன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டால் போதும் என்றார். ஹைட்ரஜனுக்கு எச், ஆக்சிஜனுக்கு ஓ. நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த குறியீடுகள் அவர் 1813-14-ல் கொண்டுவந்த முறையின் வழி வந்தவை.

சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வகம்

இவ்வளவும் நடந்த இடத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1823-ல் ஜெர்மனியிலிருந்து அவரிடம் கற்றுக்கொள்ள வந்த இளைஞர் ஃபிரீட்ரிக் வோலர் அதைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டு சாதாரண அறைகள். புகைபோக்கி இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. சூடுபடுத்தும் மணல் தொட்டி பக்கத்துச் சமையலறையில் இருந்தது.

அந்தச் சமையலறையை நடத்தியவர் அன்னா சுண்ட்ஸ்ட்ரோம். வீட்டு வேலைக்கு வந்தவர், ஆய்வக வேலையையும் பழகிக்கொண்டார். மாணவர்களையும் மேய்த்தார். ஸ்வீடனின் முதல் பெண் வேதியியலாளர் என்று இன்று அவரைச் சொல்பவர்கள் உண்டு.

குளோரின் ஒரு தனிமம் என்று இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி 1810-ல் சொன்னபோது பெர்சீலியஸ் ஏற்கவில்லை. அதில் ஆக்சிஜன் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிவாதம் பிடித்தார். வோலர் அங்கே இருந்தபோது ஒருநாள், கழுவும் பாத்திரத்தில் பழைய பெயர்கொண்ட அந்த அமில வாடை அடிக்கிறது என்று அன்னா சொன்னார். இனி அந்தப் பெயர் வேண்டாம், குளோரின் என்று சொல்வதுதான் சரி என்று பெர்சீலியஸ் திருத்தினார். வோலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோல்வியை அந்தப் பெரிய மனிதர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

1826: அந்த மஞ்சள் வீழ்படிவு

உப்புப் பகுப்பாய்வு செய்த அனுபவம் உண்டா? பாஸ்பேட் இருக்கிறதா என்று பார்க்க, நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்து லேசாகச் சூடாக்குவோம். குழாயின் அடியில் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு வரும். வந்தால் மார்க்.

பெர்சீலியஸ் 1826-ல் விவரித்தது இந்த மஞ்சள் பொருளைத்தான். அது ஏன் அப்படி உருவாகிறது, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க அன்று வழியே இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் 69 ஆண்டுகள் இருந்தன.

1933-ல் மான்செஸ்டரில் ஜே.எஃப். கெக்கின் என்ற ஆய்வாளர் இதன் நெருங்கிய சொந்தமான டங்ஸ்டன் சேர்மத்தை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு. சுற்றி 12 உலோக அணுக்கள். அவற்றைப் பிணைக்க 40 ஆக்சிஜன் அணுக்கள். மொத்தம் 53 அணுக்கள் கொண்ட, ஏறத்தாழ உருண்டையான கூண்டு. பெர்சீலியஸின் மஞ்சள் பொருளும் இதே கட்டமைப்புதான், டங்ஸ்டனுக்குப் பதில் மாலிப்டினம். 107 ஆண்டுகள் அந்தப் பொருள் கண்ணாடிக் குழாயில் கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

1835: பழைய அறிக்கைகளிலிருந்து ஒரு புதிய சொல்

பெர்சீலியஸ் 1818 முதல் ஸ்வீடன் அறிவியல் கழகத்தின் செயலாளர். உலகில் எங்கே என்ன ஆய்வு வெளிவந்தாலும் படித்து, சோதித்து, ஆண்டறிக்கை எழுதுவது அவர் வேலை. அப்படி 27 தொகுதிகள் எழுதினார். 1835 அறிக்கைக்காக அவர் தனித்தனியாகக் கிடந்த பல செய்திகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்:

- ரஷ்யாவில் கிர்ச்சாஃப்: ஸ்டார்ச்சை நீர்த்த அமிலத்தில் கொதிக்க வைத்தால் சர்க்கரை ஆகிறது. அமிலம் செலவாகவில்லை.
- பிரான்ஸில் தெனார்: ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாட்டினத்தைத் தொட்டதும் சிதைகிறது. பிளாட்டினம் அப்படியே இருக்கிறது.
- இங்கிலாந்தில் டேவி: ஆல்கஹால் ஆவியும் காற்றும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தால், தீப்பிழம்பு இல்லாமலே கம்பி கனன்றுகொண்டிருக்கிறது.
- ஜெர்மனியில் டோபரைனர்: நுண்ணிய பிளாட்டினத் தூள் ஆல்கஹாலை வினிகரின் அமிலமாக மாற்றுகிறது.
- ஜெர்மனியிலேயே மிட்ஷர்லிக்: கந்தக அமிலம் ஆல்கஹாலை ஈதராக்குகிறது, ஆனால் தான் மாறவில்லை.

ஐந்தில் மூன்று ஆல்கஹால் சமாச்சாரம் என்பதைக் கவனித்தீர்களா? இவற்றில் எதையும் பெர்சீலியஸ் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்தவர் ஒரு தனி விளக்கம் வைத்திருந்தார். இவை எல்லாம் ஒரே வகை நிகழ்வு என்று சொன்னதுதான் பெர்சீலியஸின் வேலை. அவிழ்த்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து கேட்டலிசிஸ் என்ற பெயரை எடுத்தார். தமிழில் நாம் வினையூக்கம் என்கிறோம். உயிருள்ள உடல்களுக்குள்ளும் இப்படி ஆயிரக்கணக்கான வேலைகள் நடக்கக்கூடும் என்று அப்போதே ஊகித்தார். நொதிகளைப் பற்றி இன்று நாம் அறிந்ததை நினைத்தால், அது சின்ன ஊகம் இல்லை.

எதிர்ப்பும் வந்தது. பெயர் வைத்துவிட்டால் விளக்கிவிட்டதாக ஆகுமா என்று ஜெர்மனியின் லீபிக் கடுமையாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். வினையூக்கி வினையின் வேகத்தை மட்டுமே மாற்றும், வினை எங்கே போய் நிற்கும் என்ற சமநிலையை மாற்றாது என்று ஓஸ்ட்வால்டு தெளிவாக வரையறுக்க அந்த நூற்றாண்டின் கடைசி வரை ஆனது. அந்தப் பணிகளுக்காக ஓஸ்ட்வால்டுக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசி ஆண்டுகள்

அதே 1835-ல்தான் பெர்சீலியஸ் கல்யாணமும் செய்துகொண்டார். அவருக்கு 56 வயது, மணப்பெண் எலிசபெத் பொப்பியஸுக்கு 24. கல்யாணத்தை ஒட்டி மன்னர் அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தார். அடுத்த ஆண்டு அன்னா அந்த வீட்டை விட்டுப் போனார். ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்புக்கு எந்த அட்டவணையிலும் அவர் பெயர் இல்லை.

அறிவியலில் பெர்சீலியஸுக்கு இறங்குமுகம் தொடங்கியது. எல்லாச் சேர்மமும் நேர், எதிர் மின்தன்மை கொண்ட இரு பகுதிகளின் சேர்க்கை என்பது அவர் கொள்கை. பிரான்ஸில் டூமா, அசிட்டிக் அமிலத்தில் இருந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளோரினைப் புகுத்திக் காட்டினார். எதிர்மின் தன்மையுள்ள குளோரின் நேர்மின் தன்மையுள்ள ஹைட்ரஜன் இடத்தில் உட்காரவே முடியாது என்று பெர்சீலியஸ் வாதாடினார். சான்றுகள் குவிந்தன. அவர் இறங்கி வரவில்லை. குளோரின் விஷயத்தில் ஒருமுறை மனம் மாறியவர், இரண்டாம் முறை மாறவில்லை. இளைஞர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். 1848 ஆகஸ்ட் 7-ல் ஸ்டாக்ஹோமில் இறந்தார்.

கொள்கை போயிற்று. எடைகள் நின்றன. அந்த எடைகளை வைத்துத்தான் அடுத்த கணக்கை நாம் போடப்போகிறோம்.

சரி, இதனால் நமக்கு என்ன?

கல்லூரி ஆய்வகத்தில் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்யும் பழைய வழி, பொட்டாசியம் டைகுரோமேட். ஆரஞ்சு நிறக் கரைசல் பச்சையாகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்க போலீஸ் பயன்படுத்திய பழைய ஊதுகுழாயிலும் இதே வினைதான். இதில் டைகுரோமேட் வினையூக்கி இல்லை. அது செலவாகிறது.

எவ்வளவு? அணு எடைகளை வைத்துக் கூட்டிப் பாருங்கள்:

- டைகுரோமேட் வழியில் 138 கிராம் எத்தனாலுக்கு 294 கிராம் டைகுரோமேட்டும் 392 கிராம் கந்தக அமிலமும் வேண்டும். கிடைக்கும் அசிட்டால்டிஹைடு 132 கிராம். கூடவே 566 கிராம் குரோமிய, பொட்டாசிய உப்புகளும் 126 கிராம் நீரும் வரும்.
- வினையூக்கியும் ஆக்சிஜனும் கொண்ட வழியில் அதே 138 கிராம் எத்தனாலுக்கு 48 கிராம் ஆக்சிஜன் போதும். கிடைக்கும் அசிட்டால்டிஹைடு அதே 132 கிராம். கூட வருவது 54 கிராம் நீர் மட்டும்.

இது வினை நூற்றுக்கு நூறு நடந்தால் வரும் தாள் கணக்கு. ஆலையில் இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் வித்தியாசம் புரிகிறதல்லவா? முதல் வழியில் ஒரு கிலோ சரக்குக்கு நான்கு கிலோவுக்கு மேல் உப்புக் கழிவு. அதில் மிச்சமிருக்கும் ஆறாம் நிலை குரோமியம் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. குரோமியக் கழிவு என்றால் என்னவென்று ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. தோல் பதனிடும் தொழிலுக்கு ரசாயனம் தயாரித்து 1995-ல் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் கழிவு அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்தது. அது வேறு தொழில், ஆனால் உலோகம் அதே உலோகம்.

கொத்து எப்படி வேலை செய்கிறது?

கைமாற்றுக் கடன் மாதிரி. மாலிப்டினம் அல்லது வனேடியம் இருக்கும் கொத்து, ஆல்கஹாலிடமிருந்து எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜனையும் வாங்கிக்கொள்கிறது. ஆல்கஹால் ஆல்டிஹைடாக மாறி நகர்ந்துவிடுகிறது. எலக்ட்ரான் வாங்கிய மாலிப்டினக் கொத்து நீல நிறமாகும். பிறகு காற்றின் ஆக்சிஜனோ ஹைட்ரஜன் பெராக்சைடோ வந்து அந்தக் கணக்கைத் தீர்க்கிறது. நீர் உருவாகிறது, கொத்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த ஆல்கஹால் வரலாம்.

எந்த உலோகத்தைச் சேர்ப்பது, எத்தனை அணுக்களை மாற்றுவது என்று திருகித் திருகி, எந்தப் படியில் நிறுத்துவது என்பதை ஓரளவு கட்டுப்படுத்தலாம். இந்தக் குடும்பம் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. மெத்தனாலிலிருந்து ஃபார்மால்டிஹைடு எடுத்து பிளைவுட் பசைக்குத் தரும் ஆலைகள் பலவற்றில் இரும்பு-மாலிப்டினம் ஆக்சைடு ஓடுகிறது. அது கொத்து இல்லை, திட ஆக்சைடு. ஆனால் கைமாற்றுக் கணக்கு அதேதான். பெர்சீலியஸின் மஞ்சள் பொருளுக்கு நேர் வாரிசான பாஸ்பரஸ்-மாலிப்டினம் கொத்துகளை, 1980-களில் ஜப்பானில் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் தயாரிப்பில் இறக்கினார்கள்.

குறைகளும் உண்டு. இந்தக் கொத்துகளில் பல நீரில் எளிதாகக் கரையும், திரும்பப் பிடிப்பது கஷ்டம். காரம் பட்டால் உடைந்துவிடும். அதனால்தான் சிலிக்கா, டைட்டானியம் ஆக்சைடு போன்ற திடப்பொருள்மேல் அவற்றை ஒட்டவைக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

அடுத்த முறை செய்தி வரும்போது

எத்தனாலிலிருந்து பசுமை ரசாயனம், புதிய வினையூக்கி என்று இனி செய்திகள் அடிக்கடி உங்கள் கண்ணில் படும். படித்ததும் மூன்று எண்களைத் தேடுங்கள்.

ஒன்று, போட்ட ஆல்கஹாலில் எவ்வளவு மாறியது? இரண்டு, மாறியதில் எவ்வளவு வேண்டிய பொருளாக ஆனது? மூன்று, அதே வினையூக்கியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தினார்கள்?

உதாரணமாக, 100 மூலக்கூறில் 90 மாறி, அதில் 80 சதவீதம்தான் வேண்டிய பொருள் என்றால், உங்கள் கைக்கு வருவது 72. செய்தித் தலைப்பில் 90 மட்டும் இருந்தால், மீதி 18 என்ன ஆனது என்று கேளுங்கள். தராசின் இரண்டு தட்டையும் பார்க்காமல் பெர்சீலியஸ் ஒரு எண்ணையும் அட்டவணையில் ஏற்றியதில்லை.